18 அங்குலம் – கணினிப் பெட்டிக்குள் எட்டாமல் போன கேபிள்களின் கதை

அருப்புக்கோட்டையில் தறி பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயத்தைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பாவு தீர்ந்தால் தறியைப் பிரித்துப் போடுவதில்லை. பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் நுனியை இழை இழையாகப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான முடிச்சு. ஒவ்வொரு முடிச்சும் விழுதுக்குள்ளும் அச்சுக்குள்ளும் தட்டாமல் நுழைந்து வர வேண்டும். தடித்த முடிச்சு ஒன்று சிக்கினால் இழை அறும், துணியில் பழுது விழும். அதாவது, நூலை நீட்டுவது பெரிய வித்தை இல்லை. நீட்டிய இடம் அடுத்த வேலைக்குத் தாங்குமா என்பதுதான் கேள்வி.

இதே கேள்வி இன்னொரு பெட்டிக்குள்ளும் வருகிறது. நம் ஊர்ப் பக்கம் "சிபியூ" என்றே பலரும் சொல்லும் அந்தத் தகர டப்பா! புது கேபினெட் வாங்கிப் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டினால் வயர் நாலு விரல்கடை குறைகிறது. ஹார்ட் டிஸ்க்கை ஒரு தட்டு மேலே ஏற்றினால் கேபிள் இழுத்துக்கொண்டு நிற்கிறது. உடனே தோன்றுவது, "வெட்டி ஒரு பீஸ் போட்டு ஒட்டிவிட்டால் என்ன?"

சில கேபிள்களில் போடலாம், சிலவற்றில் போட்டால் டேட்டா போகும், சிலவற்றில் போட்டால் புகையே வரும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டுமானால் கணினிக்கும் முந்தைய காலத்துக்குப் போக வேண்டும்.

கம்பியை நீட்டினால் செய்தி கெடும் என்று உலகத்துக்கு முதலில் புரியவைத்தது தந்தி. 1858 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் போட்ட கேபிளில் விக்டோரியா ராணி அமெரிக்க அதிபர் புகேனனுக்கு ஒரு வாழ்த்து அனுப்பினார். நூறு சொல்லுக்குள் அடங்கும் செய்தி. போய்ச் சேர ஏறத்தாழ 16 மணி நேரம்! கம்பி அறவில்லை, மின்சாரமும் ஓடியது. ஆனால் ஒரு முனையில் சட்டென்று தட்டிய தட்டு மறுமுனையில் இழுவையாக, மங்கலாகப் போய் விழுந்தது. வில்லியம் தாம்சன் (பிற்பாடு கெல்வின் பிரபு) இதை முன்னமே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார்: கேபிள் இரண்டு மடங்கு நீண்டால் தாமதம் இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு. அந்தக் கம்பெனியின் மின்பொறுப்பாளர் வைட்ஹவுஸ் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இன்னும் அதிக வோல்டேஜ் கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஏறத்தாழ 2000 வோல்ட் வரை ஏற்றினார். மூன்று வாரம் போலத்தான் தாங்கியது, கேபிள் செத்தது. அது செய்யப்பட்டதிலேயே குறை இருந்தது என்பதும் உண்மை. எல்லாப் பழியையும் அவர் ஒருவர் தலையில் போடுவது நியாயமில்லை. ஆனாலும் "எட்டவில்லையா, இன்னும் பலமாகத் தள்ளு" என்ற புத்தி அன்று விலை போகவில்லை. 1866ல்தான் நிலைத்து வேலை செய்த கேபிள் போட முடிந்தது.

நிலத்தில் ஓடிய தந்திக் கம்பிக்கு இந்தச் சிக்கல் குறைவு. அங்கே அறுந்த கம்பியை இணைக்க லைன்மேன்கள் கண்டுபிடித்த முடிச்சுக்கு வெஸ்டர்ன் யூனியன் முடிச்சு என்று பெயர். இரண்டு கம்பிகளையும் குறுக்கே வைத்து, ஒன்றின் மேல் ஒன்றை நெருக்கமாகச் சுற்றி, மேலே ஈயம் ஓட்டுவது. இழுத்தால் இன்னும் இறுகும். ஏறத்தாழ 150 வருஷமாகியும் பழசாகாத முடிச்சு.

கணினி வந்ததும் நீளம் மறுபடி பிரச்சினையானது, இந்த முறை மைல் கணக்கில் அல்ல, அடிக் கணக்கில். அமெரிக்கக் கடற்படையில் இருந்த கிரேஸ் ஹாப்பர் தன் கூட்டங்களுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு துண்டுக் கம்பி கொடுப்பாராம். நீளம் 11.8 அங்குலம், கிட்டத்தட்ட நம் பள்ளிக்கூட ஸ்கேல் அளவு. "ஒரு நானோ நொடியில் மின் சமிக்ஞை அதிகபட்சம் இவ்வளவு தூரம்தான் போக முடியும்" என்று விளக்க அந்தத் துண்டு. அதுவும் வெற்றிடத்தில் ஒளி போகும் வேகத்தில். சாதாரண கேபிளுக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம், அதாவது ஒரு நானோ நொடிக்கு 20 சென்டிமீட்டர்.

சீமோர் கிரே 1976ல் வெளியிட்ட கிரே-1 சூப்பர் கம்ப்யூட்டர் நேராக நிற்காமல் ஆங்கில 'C' எழுத்து மாதிரி வளைந்து நின்றதற்கும் இதுதான் காரணம். வளைத்தால் உள்பக்க வயர்கள் குட்டையாகும். நாலு அடிக்கு மேல் நீளமான வயர் ஒன்றுகூட உள்ளே கிடையாது. (திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்கும் கிரேவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது. 1980களின் கடைசியில் இந்தியா வாங்கிய கிரே எக்ஸ்-எம்.பி. டெல்லிக்கு வந்தது பருவமழையைக் கணிக்க. குண்டாற்றில் தண்ணீர் வருமா வராதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஜனங்களுக்காகவும்தான் அந்தக் குட்டை வயர்கள் வேலை செய்தன.)

சரி, இனி மேசைக் கணினி.

1956ல் அமெரிக்காவின் சிகாயில் என்ற கம்பெனி பல வயர்களைப் பக்கம் பக்கமாக வைத்து ரிப்பன் மாதிரி ஒரே பட்டையாக வார்த்தது. இந்தப் பட்டைக் கேபிளுக்குப் பிற்பாடு இன்னொரு வசதி சேர்ந்தது. வயரின் தோலைச் சீவ வேண்டாம், ஈயம் ஓட்ட வேண்டாம். கத்தி மாதிரி பல் உள்ள கனெக்டரை மேலே வைத்து அழுத்தினால் பல் தோலைக் கிழித்து ஒவ்வொரு கம்பியையும் கவ்விக்கொள்ளும். ஒரு சின்ன வைஸ் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். 1981ல் ஐபிஎம் பிசி வந்தபோது ஃபிளாப்பிக்கு 34 இழைப் பட்டை. அதில் ஏழு இழைகளை மட்டும் வெட்டி, திருப்பி, முறுக்கி வைத்தார்கள். முறுக்கு தாண்டி மாட்டினால் ஏ டிரைவ், முறுக்குக்கு முன்னால் மாட்டினால் பி டிரைவ். ஜம்பர் மாற்றும் வேலை மிச்சம். யோசித்தவர் கெட்டிக்காரர்!

1986 வாக்கில் வெஸ்டர்ன் டிஜிட்டலும் காம்பாக்கும் சேர்ந்து ஹார்ட் டிஸ்க்குக்குக் கொண்டுவந்தது ஐடிஇ. 40 இழைப் பட்டை. 1994ல் அது முறையான தரநிலை ஆனது. அதில்தான் தலைப்பில் உள்ள எண் இருக்கிறது: கேபிளின் அதிகபட்ச நீளம் 18 அங்குலம், அதாவது 45.7 சென்டிமீட்டர்.

ஏன் 18? அதே காலத்தில் இருந்த ஸ்கசி கேபிள் 6 மீட்டர் வரை போனதே? இங்கேதான் காசு கணக்கு வருகிறது. ஸ்கசியில் கேபிளின் இரண்டு முனையிலும் டெர்மினேட்டர் மாட்ட வேண்டும். கம்பியில் ஓடி வரும் சமிக்ஞை முனையில் மோதினால் கிணற்றுக்குள் கத்தியது மாதிரி எதிரொலி திரும்பி வரும். அந்த எதிரொலியை விழுங்குவதுதான் டெர்மினேட்டரின் வேலை. கம்ப்யூட்டரை மலிவாக விற்க வேண்டும் என்பதற்காக வந்த ஐடிஇயில் அந்தச் செலவைத் தவிர்த்தார்கள். பதிலுக்குக் கேபிளைக் குட்டையாக வைத்துக்கொண்டார்கள். குட்டையாக இருந்தால் எதிரொலி சீக்கிரம் வந்து சீக்கிரம் அடங்கிவிடும். ஆக 18 அங்குலம் என்பது இயற்கை போட்ட எல்லை மட்டும் இல்லை, மிச்சப்படுத்திய டெர்மினேட்டரின் விலையும்கூட.

ஆரம்பத்தில் இதைக் கொஞ்சம் மீறினாலும் ஒன்றும் ஆகவில்லை. வேகம் கம்மி. அல்ட்ரா டிஎம்ஏ 33ல் ஒரு தடவைக்கு இரண்டு பைட், 60 நானோ நொடிக்கு ஒரு தடவை. 90 சென்டிமீட்டர் கேபிளில் எதிரொலி போய்த் திரும்ப 9 நானோ நொடி. அறுபதில் ஒன்பது, சமாளிக்கலாம். அல்ட்ரா டிஎம்ஏ 100 வந்தபோது 20 நானோ நொடிக்கு ஒரு தடவை. இருபதில் ஒன்பது! முதலில் வந்தவர் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்தவர் வாசலில் நிற்கிறார்.

அதற்கு முன்பே இன்னொரு தொல்லையும் சேர்ந்திருந்தது. பட்டையில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இழைகள் ஒன்றின் பேச்சை ஒன்று ஒட்டுக் கேட்கும். 66 வேகத்துக்குப் போகும்போது 80 இழைப் பட்டை கட்டாயமானது. கனெக்டரில் அதே 40 பின்தான். கூடுதலான 40 இழைகளும் வெறும் கிரவுண்ட். ஒவ்வொரு சமிக்ஞை இழைக்கும் நடுவே ஒரு சுவர். நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு மாஸ்டருக்கு, சாம்பல் ஸ்லேவுக்கு. பழைய பெட்டிகளைத் திறந்தவர்கள் அந்த மூன்று நிறத்தையும் பார்த்திருப்பார்கள். நிறம் அழகுக்கு அல்ல. மதர்போர்டு பக்கத்துக் கனெக்டரில் 34-வது பின் கிரவுண்டோடு சேர்ந்திருக்கும். அதை வைத்துத்தான் வந்திருப்பது 80 இழையா 40 இழையா என்று மதர்போர்டு தெரிந்துகொள்ளும். அப்படிப்பட்ட பட்டையை நடுவில் வெட்டி, 80 இழைகளையும் கையால் ஒட்டி நீட்டுவதென்றால்... பாவு பிணைப்பவர்களுக்குப் பொறுமை இருக்கலாம், சமிக்ஞைக்கு இருக்காது. ஒவ்வொரு ஒட்டும் ஒரு மேடு, ஒவ்வொரு மேட்டிலும் ஒரு குட்டி எதிரொலி.

2000களின் தொடக்கத்தில் இன்னொரு மோகம் வந்தது. பட்டை கேபிள் காற்றை மறைக்கிறது என்று பிளேடால் இழை இழையாகக் கீறி, கயிறு மாதிரி உருட்டி டேப் சுற்றினார்கள். கடைகளிலும் கலர் கலராக உருண்டைக் கேபிள் வந்தது. 24 அங்குலம், 36 அங்குலம் என்று தாராளமாக! 18 அங்குலச் சட்டத்தை எழுதியவர்கள் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் இருந்த சுவர்களையெல்லாம் கலைத்து, நீளத்தையும் இரட்டித்த கேபிள் அது. பலருக்கு வேலை செய்தது என்பதும் உண்மைதான்.

"வேலை செய்தது" என்பதில்தான் ஆபத்தே இருந்தது. அல்ட்ரா டிஎம்ஏயில் ஒவ்வொரு கட்டு டேட்டாவுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கூடப் போகும். தப்பாக வந்தால் மறுபடி அனுப்பச் சொல்லும். அதனால் கேபிள் சரியில்லை என்றால் உடனே எதுவும் தெரியாது. விண்டோஸ் எக்ஸ்பி இந்தத் தப்புகளை எண்ணிக்கொண்டே இருக்கும். ஆறு ஆனதும் வேகத்தை ஒரு படி இறக்கும். அப்படியே இறங்கி இறங்கிக் கடைசியில் பிஐஓ என்ற கிழட்டு நடைக்கு வந்துவிடும். யாருக்கும் சொல்லாது. மெஷின் ஆமையாகிவிடும். வைரஸ் என்பார்கள், ராம் பத்தவில்லை என்பார்கள், ஃபார்மேட் அடிப்பார்கள். மளிகைக் கடையின் ஒரு வருஷ டேலி கணக்கு அந்த டிஸ்க்கில் இருக்கும், பேக்கப் இருக்காது. கேபிளுக்கு ஆகும் செலவு சில பத்து ரூபாய். அதை மாற்றிப் பார்க்காமல் ஃபார்மேட் அடித்த கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

2003ல் சந்தைக்கு வந்த சாட்டா இந்தத் தலைவலியைத் தீர்த்தது. 40 இழையை ஒன்றாக ஓட்டுவதற்குப் பதில் இரண்டு ஜோடி மட்டும், ஒன்று போக, ஒன்று வர. ஜோடியில் ஒரு கம்பி ஏறினால் மற்றது இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் செய்தி. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக விழுவதால் கழிந்துவிடும். முனைகளில் எதிரொலியை விழுங்கும் வேலையைச் சிப்பே பார்த்துக்கொள்ளும். நீளம் 1 மீட்டர் வரை அனுமதி. வீட்டுக் கேபினெட்டுக்கு இது தாராளம். நீளமானது வேண்டுமென்றால் நீளமாகவே வாங்கிக்கொள்ளலாம். வெட்டி ஒட்டுவதற்கு மட்டும் இங்கேயும் இடமில்லை. ஜோடிக் கம்பிகளின் இடைவெளி ஒரே சீராக இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும்.

டேட்டா கதை இத்துடன் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். பவர் கதை வேறு.

பழைய ஏடி காலத்து எஸ்.எம்.பி.எஸ்.ஸில் பி8, பி9 என்று இரண்டு கனெக்டர் வரும். மாற்றி மாட்டினால் மதர்போர்டு காலி. "கறுப்பும் கறுப்பும் நடுவில்" என்பது அந்தக் கால மெக்கானிக்குகளின் மந்திரம். 1995ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸில் ஒரே 20 பின் கனெக்டர், மாற்றி மாட்டவே முடியாது. 2000ல் பென்டியம் 4க்காக 12 வோல்ட் தனி 4 பின் சேர்ந்தது. 2003 வாக்கில் 20 பின் 24 ஆனது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கன்வெர்ட்டர் வயர் கடைகளில் தொங்கியது. இந்தியா 1997ல் தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான உலக ஒப்பந்தத்தில் சேர்ந்து, கணினிப் பாகங்களின் சுங்க வரியை 2005க்குள் படிப்படியாக இறக்கியது. சென்னை ரிச்சி தெருவிலும் மதுரையிலும் பாகம் வாங்கி ஊரில் கோர்த்துக் கொடுக்கும் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் செழித்த காலம் அது. பழைய எஸ்.எம்.பி.எஸ்., புது போர்டு, யாரோ கொடுத்த கேபினெட் என்று கலந்து கட்டும்போது நீளம் ஒத்துவருவது அதிர்ஷ்டம்தான்.

அதற்குள் கேபினெட்டுக்குள் ஒரு குடிபெயர்ச்சியும் நடந்தது. எஸ்.எம்.பி.எஸ். எப்போதும் மேல்மாடியில் இருக்கும். 2005ல் வந்த ஆன்டெக் பி180 போன்ற கேபினெட்டுகள் அதைத் தரைத்தளத்துக்கு இறக்கின. மேலே ஏறும் சூட்டை அது உறிஞ்ச வேண்டியதில்லை என்பது லாபம். ஆனால் பிராசசருக்கான 12 வோல்ட் கனெக்டர் மதர்போர்டின் மேல்மூலையிலேயே நின்றுவிட்டது. வயரைப் போர்டுக்குப் பின்பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். மேல்மாடிக்கென்று அளந்த வயர் எப்படி எட்டும்? "எக்ஸ்டென்ஷன் கேபிள்" என்ற தனிச் சரக்கு பெரிதாக விற்க ஆரம்பித்தது இதிலிருந்துதான்.

இங்கே நீளம் உண்மையில் எவ்வளவு கெடுதல்? கணக்குப் போடலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் வரும் 18 கேஜ் செம்பு வயருக்கு ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 21 மில்லிஓம். 30 சென்டிமீட்டர் நீட்டினால் போக வர 60 சென்டிமீட்டர், 13 மில்லிஓம் கூட இல்லை. ஒரு வயரில் 5 ஆம்பியர் ஓடினால் இழப்பு 0.06 வோல்ட் சுமார். 12 வோல்ட்டுக்கு 11.4 வரை இறங்க அனுமதி உண்டு. ஆக நீளம் குற்றவாளி இல்லை. குற்றவாளி மூட்டு! சரியாகக் கிரிம்ப் ஆகாத ஒரு பின், வெறுமனே முறுக்கி டேப் ஒட்டிய ஒரு இணைப்பு, 0.1 ஓம் காட்டினால் அதே 5 ஆம்பியரில் 2.5 வாட் சூடு அந்தக் கடுகளவு இடத்தில் உட்காரும். ஆம்பியர் இரட்டித்தால் சூடு நாலு மடங்கு. சூட்டில் பின் தளரும், தளர்ந்தால் ஓம் கூடும், கூடினால் இன்னும் சூடு. கரிசல் காட்டுப் புழுதி ஃபேனில் அப்பி, சித்திரை வெயிலில் அறையே 38, 40 டிகிரி இருக்கும் ஊரில் இந்தச் சுற்று இன்னும் மேல்படியிலிருந்து தொடங்கும்.

உலகம் முழுக்க எரிந்த கேபிள்களைப் பார்த்தால் எல்லாம் மூட்டில்தான் எரிந்திருக்கின்றன. மோலெக்ஸிலிருந்து சாட்டா பவருக்கு மாற்றும் குட்டிக் கன்வெர்ட்டரில் இரண்டு ஜாதி. ஒன்று, பின்களைத் தனித்தனியாகக் கவ்வ வைத்து மூடியது. மற்றது, வயர்களை வைத்து மேலே பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றியது. பின்னதில் உள்ளே வயர் நகர்ந்து 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் நெருங்கிவிட்டால் டிஸ்க்கோடு தீ. 2017ல் கிரிப்டோ சுரங்க மோகத்தில் சாட்டா பவரிலிருந்து கிராபிக்ஸ் கார்டுக்கு இழுத்தார்கள். சாட்டா பவரின் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். கார்டின் 6 பின் கேட்கக்கூடியது 75 வாட். பத்தாம் வகுப்புக் கணக்கு. போடாதவர்களுக்குக் கேபிள் கருகியது.

பெரிய கம்பெனிகளும் தப்பவில்லை. 2022 அக்டோபரில் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டின் புது 16 பின் கனெக்டர் 600 வாட் வரை தாங்க வேண்டும். 12 வோல்ட்டில் அது 50 ஆம்பியர். ஆறு பின்னுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 8 ஆம்பியருக்கும் மேல். கூடவே கொடுத்த மாற்றுக் கேபிள்கள் உருகிய படங்கள் சில வாரங்களிலேயே வந்தன. முழுசாக உள்ளே தள்ளாததே முக்கியக் காரணம் என்று சொல்லப்பட்டது. 2023ல் உணர்வுப் பின்களைக் குட்டையாக்கித் திருத்தினார்கள், முழுசாக நுழையாவிட்டால் கார்டு முழுப் பவர் கேட்கவே கூடாது என்பதற்காக. வளைவாக மாட்ட கேபிள்மாட் என்ற கம்பெனி விற்ற அடாப்டர்கள் 25,000க்கு மேல் 2024 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டன.

இத்தனைக்கும் நடுவில், பயமே இல்லாமல் நீட்டக்கூடிய வயர்களும் அதே பெட்டியில் இருக்கின்றன. முன்பக்கப் பவர் பட்டன், ரீசெட் பட்டன், இரண்டு எல்இடி. பட்டன் என்பது இரண்டு கம்பியைத் தொடவைப்பது, அவ்வளவுதான். எந்த வயரை வைத்தும் ஒரு முழம் நீட்டலாம். ஃபேன் வயரும் அப்படியே, இழுப்பது ஆம்பியரில் கால்வாசி கூட இருக்காது. கம்பிகளைத் தந்திக்காரர் மாதிரி சுற்றி, ஈயம் ஓட்டி, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டால் போதும். இரண்டு மூட்டும் ஒரே இடத்தில் வராமல் ஒன்றைச் சற்று முன்னால், ஒன்றைப் பின்னால் வைப்பது நல்லது.

இப்போது பிரச்சினை வேறு வழியில் தேய்ந்து வருகிறது. எம்.2 வந்த பிறகு டிஸ்க்குக்குக் கேபிளே இல்லை, நேராகப் போர்டில் படுத்துக்கொள்கிறது. கிராபிக்ஸ் கார்டை நிமிர்த்தி வைக்க ரைசர் கேபிள் மாட்டுபவர்கள் மட்டும் பழைய பாடத்தைப் புதிதாகப் படிக்கிறார்கள்: ஜென் 3க்கு என்று செய்த ரைசரை ஜென் 4ல் ஓட்டினால் திரை வராது, பயாஸில் ஒரு படி இறக்கினால் வரும். எக்ஸ்பி சொல்லாமல் செய்ததை இங்கே கையால் செய்ய வேண்டியிருக்கிறது.

பழைய ஐடிஇ டிஸ்க்கில் கணக்கோ கல்யாணப் போட்டோவோ மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு யூஎஸ்பி கன்வெர்ட்டர் இன்னும் கிடைக்கிறது. அதில் 40 பின் பக்கம் பட்டைக் கேபிளே கிடையாது, டிஸ்க்கின் முதுகில் நேராகச் செருக வேண்டும். நீளம் தேவை என்றால் யூஎஸ்பி பக்கம்தான் வைத்திருக்கிறார்கள்.